கம்பளிக்குத் தீட்டு இல்லை

1

போன வாரம் சங்கரன்கோவிலிலிருந்து போன் வந்தது. பேசியவர் என் கணவர் கோமதிநாயகத்தின் பெரியப்பா மகன். முறைப்படி நான் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிட வேண்டும். கூப்பிடும் வாய்ப்பே வராததால் அந்தச் சொல் என் வாயில் இன்னும் சரியாக உட்காரவில்லை.

"நாயகம், கார்த்திகையில அப்பாவுக்கு மொத வருசத் தெவசம் வருது. நீ இல்லாம எப்படிடே? பிள்ளையக் கூட்டிட்டு வா" என்றார். பிறகு, "அவளையும் கூட்டிட்டு வா. நம்ம வீட்டுலதான் வந்து எறங்கணும். லாட்ஜுல ரூம் போட்டுறாத" என்றார்.

போன் சாப்பாட்டு மேசையில் ஸ்பீக்கரில் இருந்தது. அந்த 'அவள்' நான்தான். பெயர் பேச்சியம்மாள். பிறந்தது பனவடலிசத்திரம், வாக்கப்பட்டது சங்கரன்கோவில், குடியிருப்பது நார்வே நாட்டின் மேற்குக் கரையில், மழைக்குப் பேர்போன ஒரு சின்ன ஊர். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் சங்கரன்கோவிலில் அந்த வீட்டு வாசலை நான் தாண்டியதில்லை. தாண்டக் கூடாது என்று சொன்ன மனிதருக்குத்தான் இப்போது திவசம்.

போன் வந்தபோது பால்கனிக் கம்பியில் ஒரு ஸ்வெட்டரைக் காற்றாடப் போட்டுக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறம், கனத்த கம்பளி, கை மட்டும் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடும். இதைத் துவைத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. குளிர்காலம் முழுக்க இதைப் போட்டுக்கொண்டுதான் காட்டுக்குள் வேலைக்குப் போனேன். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. தாராளமாகச் சுளியுங்கள், ஆனால் கடைசிவரை படித்துவிட்டுச் சுளியுங்கள்.

2

எனக்கு இங்கே மழலையர் பள்ளியில் வேலை. பள்ளி என்றதும் கட்டடத்தை நினைக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளைக் காலையில் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், பகல் முழுக்க அங்கேயே வைத்திருந்து, சாயங்காலம் பெற்றோரிடம் ஒப்படைக்கிற பிரிவு அது. மழையோ பனியோ விடுமுறைக்குக் காரணம் ஆகாது. பிள்ளைகள் மரம் ஏறுவார்கள், சேற்றில் உருளுவார்கள், நாங்கள் மூட்டும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள்.

"எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிச்சிட்டு ஆயா வேலைக்கா போற?" என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. ஆமாம், ஆயா வேலைதான். மூக்குச் சளி துடைக்கிறேன், பூட்ஸுக்குள் போன தண்ணீரைக் கொட்டுகிறேன், எனக்குப் பிடித்திருக்கிறது. நான் படித்த கெமிஸ்ட்ரி ஒன்றும் ஆவியாகிவிடவில்லை. அதுவும் என்கூடத்தான் காட்டுக்கு வருகிறது.

சேர்ந்த புதிதில் நான் ஊர்ப் பழக்கப்படி பருத்தி பனியன்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போனேன். மேட்டில் ஏறினால் வியர்க்கும். அந்த வியர்வையைப் பருத்தி குடித்துவிட்டுக் கீழே வைக்காது. கொஞ்சம் நின்றால் போதும், முதுகில் ஈரத்துண்டைப் போர்த்தியது போல உடம்பு நடுங்க ஆரம்பித்துவிடும். கம்பளியும் நனையத்தான் செய்யும். ஆனால் ஈரத்தைத் தன் இழைக்குள் வாங்கிக்கொண்டு, தோலுக்குச் சூட்டை விட்டுவைக்கும். நாள் முழுக்க வியர்த்தாலும் சட்டென்று நாற்றம் பிடிக்காது. நெருப்புப் பொறி மேலே தெறித்தால் கம்பளி அந்த இடத்தில் கருகித் தானாக அணைந்துவிடும், நைலான் மாதிரி உருகித் தோலில் ஒட்டாது. அதனால் இங்கே வெளிவேலை பார்க்கிற எல்லோருக்கும் ஒரே உடுப்புதான். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி, அதற்கு மேல் கனத்த கம்பளி, காற்றுக்கும் மழைக்கும் வெளியே ஒரு கோட்டு.

இதை நாயகத்திடம் சொன்னபோது அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் விசைத்தறி வீட்டுப் பிள்ளை. கஞ்சி போட்ட நூல் வாசனையில் வளர்ந்தவர்.

"பருத்தியப் போயி குறை சொல்லுதியே. அதுலதான நாங்க சோறு தின்னோம்" என்றார்.

"சோத்த யாரு குறை சொன்னா? மழையில நின்னு பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன்.

காட்டுப் பிரிவின் தலைவி ஹில்டே. நல்ல மனுஷி. என்ன, சூடான நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது கஷ்டம்தான் என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது என் முதுகைத் தட்டிக்கொடுப்பார். முதல் மாதம் நான் எனக்குக் குளிர்கிறது என்று அவர்கள் மொழியில் சொன்னேன். நான் சொன்ன விதத்தில், என் மனசு ஈரமில்லாதது என்று அர்த்தம் வந்துவிட்டதாம். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எனக்குக் குளிர்கிறது என்று எந்த மொழியிலும் யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் நவம்பரில் அந்தக் காட்டுப் பிரிவில் ஒரு நிரந்தர இடம் காலியானது. நான் அதுவரை தற்காலிகம். மனுப் போட்டேன். மாதக் கடைசியில் முடிவு சொல்வதாக ஹில்டே சொன்னார். கூடவே, "கட்டடத்துக்குள் கைக்குழந்தைகள் பிரிவிலும் தற்காலிகமாக ஆள் தேவைப்படும். அங்கே கதகதப்பாக இருக்கும், உனக்கு நல்லது" என்றும் சொன்னார். அக்கறையோடுதான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. என் இடம் எது என்று வாசலில் நிறுத்தித் தீர்ப்புச் சொல்கிறவர்களை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

3

எங்கள் அப்பாவுக்குச் செம்மறி ஆடுகள். அறுப்பு முடிந்த காடுகளில் கிடை போடுவார். ராத்திரி ஆடுகளை அங்கே அடைத்துவைத்தால் புழுக்கை நிலத்துக்கு உரமாகும். மழை வந்தாலும் கிடையை விட்டுவிட்டு வர முடியாது. கறுப்புக் கம்பளியை மடித்துத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டு நடுக்காட்டில் குந்தியிருப்பார். அதில் அழகு ஒன்றும் இல்லை. அந்தக் கம்பளி குத்தும், கனக்கும், நனைந்தால் மொத்த ஆட்டு வாடையும் அதிலிருந்து கிளம்பும்.

கல்லூரிக்குப் போகும்போது அந்த வாடை என்மேல் இருக்கிறதோ என்று எனக்குப் பயம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் லேசாக மூக்கைத் தொட்டாலே எனக்குச் சுருக்கென்று இருக்கும். அதே பஸ்ஸில் சங்கரன்கோவிலில் ஏறுகிறவர்தான் நாயகம். அவர் மூக்கைத் தொட்டதில்லை.

பதிவுத் திருமணம் செய்துகொண்டு நேராக அவர் வீட்டுக்குத்தான் போனோம். அவருடைய அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார், வளர்த்து ஆளாக்கியது பெரியப்பா. தெரு முழுக்க ஓடிக்கொண்டிருந்த தறிகளின் சத்தத்துக்கு நடுவே பெரியப்பா வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நாயகம், நீ கால் கழுவிட்டு உள்ள வா. அது அங்கனயே நிக்கட்டும். ஆட்டு வாடைய வீட்டுக்குள்ள கொண்டாராத."

நாயகம் அப்போதுதான் செருப்பைக் கழற்றியிருந்தார். "அப்பம் நானும் வரல பெரியப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். இந்த மனிதர் வீட்டில் செய்கிற எத்தனையோ கூத்துகளை நான் பொறுத்துக்கொள்வது அந்தச் செருப்புக்காகத்தான்.

4

அந்தப் பெரியப்பா போன நவம்பரில் இறந்துபோனார்.

நாயகத்துக்கு மீன் ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. தகவல் காலையில் அங்கே வைத்துத்தான் வந்தது. உடனே கம்ப்யூட்டரில் விடுப்புக்கு எழுதியிருக்கிறார். இறந்தவர் என்ன உறவு என்று ஒரு கட்டம். அப்பா, அம்மா, பிள்ளை, வாழ்க்கைத்துணை, கூடப்பிறந்தவர்கள். அதோடு சரி. பெரியப்பா என்ற உறவு அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. ஆபீஸில் போய்க் கேட்டிருக்கிறார்.

"உங்கள் அப்பாவின் அண்ணனா? அடக்கத்துக்குப் போவதாக இருந்தால் ஒரு நாள் தரலாம். என்றைக்கு?" என்று அங்கிருந்த பெண் கேட்டாளாம்.

"நாளைக்கு."

"எங்கே?"

"இந்தியாவில்."

"அதற்குள் போய்ச் சேர முடியாதே" என்று அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள். உடம்பு சரியில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று வழியும் சொல்லிக்கொடுத்தாள். "எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே" என்று இவர் சொந்தக் கணக்கில் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஊரில் இருந்திருந்தால் அவருக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும். சொல்லிவிட ஆள் அனுப்பலாம், பந்தல் போடலாம், தோள் கொடுக்கலாம், வந்தவர்களோடு சேர்ந்து அழலாம். இங்கே எங்கள் வீட்டில் இருந்தது ஒரு குளியலறையும், துவைத்துக் காயவைத்தும் தருகிற ஒரு வாஷிங் மெஷினும். அவர் தலை முழுகினார். பிறகு வீட்டில் இருந்த துணி மொத்தத்தையும் தீட்டு என்று துவைக்க ஆரம்பித்தார்.

நான் வேலை முடிந்து வரும்போது ஜன்னல் கண்ணாடி பூராவும் ஆவி படிந்திருந்தது. வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"பேச்சி, பெரியப்பா போயிட்டாவ. எதையும் தொடாம நேரே போயி தலையில தண்ணி ஊத்திக்கோ."

அவர் முகத்தைப் பார்த்தேன். போய்க் குளித்தேன். நான் கழற்றிப் போட்ட உடுப்பையும் அவர் எடுத்துக்கொண்டு போனது, குளித்து முடித்து வெளியே வந்தபோதுதான் தெரிந்தது. மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.

"எத்தன டிகிரியில போட்டிருக்கீய?" என்று கேட்டேன்.

"தொண்ணூறு. அப்பந்தான தீட்டுப் போவும்" என்றார்.

கம்பளி இழையை உருப்பெருக்கியில் பார்த்தால் மீன் தோல் மாதிரி செதில் செதிலாக இருக்கும். வெந்நீரும் சோப்பும் பட்டு, உருட்டலும் சேர்ந்தால் ஒரு இழையின் செதில் இன்னொன்றில் மாட்டிக்கொண்டு இறுகிவிடும். இறுகினது இறுகினதுதான், திரும்பப் பிரியாது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம். மெஷினிலிருந்து வெளியே வந்தவை என் கனத்த ஸ்வெட்டர், நாயகத்தின் பெரிய சாம்பல் ஸ்வெட்டர், மகள் நிலாவினுடையது, கையுறைகள், காலுறைகள். எல்லாம் அடை மாதிரித் தடித்து, ஒரு சுற்று சின்னதாகி நின்றன. உள்ளே போடுகிற மெல்லிய ரகம் மட்டும் தப்பித்தது. அதன் செதில்களை ஆலையிலேயே பூசி அடைத்துத்தான் விற்கிறார்கள்.

அடுத்த நாள் எங்கள் பிரிவுக்கு மலையடிவாரம் வரை நெடுநடை. மழையும் பனியும் கலந்து அடிக்கும் என்று வானிலை சொல்லியிருந்தது. அந்த மாதிரி நாளில் நான் வருகிறேனா என்றுதான் ஹில்டே பார்ப்பார். அந்த மெல்லியதற்கு மேலே போட்டுக்கொண்டு போக என்னிடம் ஒன்றும் இல்லை.

5

ஒன்பது வயது நிலா அவளுடைய ஸ்வெட்டரைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "யார் செத்துப்போனது?" என்று நார்வேஜிய மொழியில் கேட்டாள். அவளுக்கு இப்போதெல்லாம் கேள்வி அந்த மொழியில்தான் வருகிறது, பதிலை மட்டும் தமிழில் வாங்கிக்கொள்கிறாள். சொன்னேன்.

"அம்மாவை வெளியே நிறுத்தினாரே, அந்தத் தாத்தாவா? அவருக்காக நாம் எதற்குத் துவைக்க வேண்டும்?" என்றாள்.

அதில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போகிறார்கள் என்று இங்கே நம் ஆட்கள் கூடும் இடத்திலெல்லாம் புலம்பல். விலகி நின்றால் சில விஷயம் நேராகத் தெரிகிறது, அதையும் சொல்ல வேண்டும் இல்லையா.

நாயகம் என் பக்கம் திரும்பி, "நாளைக்கு நீ வேலைக்குப் போகாண்டாம். பதினாறு நாளு தீட்டுல்லா. மொத நாளாச்சும் வீட்டுல இரு. போட்டுட்டுப் போவவும் ஒண்ணும் இல்ல" என்றார்.

"அவிய வீட்டுக்குள்ள வர எனக்கு உரிமை கிடையாது. அவிய தீட்டுல மட்டும் எனக்குப் பங்கு உண்டோ?" என்றேன்.

அத்தனை வருஷமாக உள்ளே கிடந்த வார்த்தை. சொல்லிவிட்டு நான் வருத்தப்படவில்லை, இன்றைக்கும் வருத்தமில்லை. நாயகம் மெஷினுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆடித்தவசுக் கூட்டத்துல என்னையத் தோளுல வச்சுட்டு நடப்பாவ, பேச்சி. கால் வலிக்குன்னு ஒரு தடவ கூடச் சொன்னது கெடையாது" என்று சொல்லி அழுதார்.

கோபமும் இரக்கமும் ஒரே நேரத்தில் வந்தன. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆனால் நாளைக்குப் போகிறேன் என்பதில் மாற்றம் இல்லை, அதையும் அங்கேயே சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். துக்கச் செய்தியைச் சொல்லி, கம்பளி சுருங்கிப்போனதையும் சொன்னேன். அப்பா துக்கத்துக்கு ஒரு உச்சுக் கொட்டிவிட்டு அடுத்ததுக்கு வந்தார்.

"ஏட்டி, கம்பளிய எதுக்குத் தொவைச்சீய? கம்பளிக்கு ஏது தீட்டு? நம்ம வீட்டுல எழவு விழுந்தா துணிமணி பூராத்தையும் தொவைப்போம். கம்பளிய மட்டும் ஒதறி வேலியில போட்டுருவோம், வெயிலு பாத்துக்கிடும். உங்க ஆத்தா போனப்பவும் அப்படித்தான செஞ்சோம், மறந்துட்டியா?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்டுல கம்பளியே கெடையாதே மாமா. எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிலா ஏற்கெனவே என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். அவளுக்குக் கச்சிதம். அவளுடையது அவளுடைய கரடிப் பொம்மைக்குப் பொருந்தியது. நான் நாயகத்தின் சாம்பல் ஸ்வெட்டரை எடுத்துத் தலைவழியாக மாட்டினேன். உடம்பு சரியாக இருந்தது. அவருடைய கையுறையும் எனக்குச் சரி. வீட்டில் ஆளுக்கொரு படி இறங்கியிருந்தோம், துவைத்த ஆளுக்கு மட்டும் ஒன்றும் மிஞ்சவில்லை.

கை நீளம்தான் போதவில்லை. நாயகம் எழுந்து கத்தரிக்கோலை எடுத்தார். சுருங்கிப்போன பழைய காலுறை ஒரு ஜோடியின் பாதத்தை மட்டும் வெட்டி எடுத்தார். வெட்டின ஓரத்தை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார். தறி வீட்டுக் கை அது, நூல் பிரியும் என்று எதிர்பார்க்கும். பிரியவில்லை. இறுகின கம்பளிக்கு ஓரம் அடிக்க வேண்டியதில்லை.

"இது பிரியவே மாட்டேங்கே" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு அந்த இரண்டு குழாயையும் என் முழங்கை வரை ஏற்றிவிட்டு, "சரி, போயிட்டு வா" என்றார்.

6

காலையில் காற்று மழையைப் படுக்கைவாக்கில் அடித்துக்கொண்டிருந்தது. பள்ளி வாசலில் ஹில்டே, "இன்றைக்கு மோசமாக இருக்கும். நீ வேண்டுமானால் உள்ளே கைக்குழந்தைகளோடு இருந்துகொள்" என்றார். நான் காட்டுக்குத்தான் வருகிறேன் என்றேன். சாவு விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

நடந்தோம். என் கோட்டின் கழுத்து வழியாக ஈரம் இறங்கத்தான் செய்தது. ஆனால் அப்படி இறங்கி ஸ்வெட்டரில் விழுந்த பனித்தூவல் உள்ளே போக வழியில்லாமல் மேலேயே முத்து முத்தாக நின்றது. காற்று புகவில்லை. துவைத்துக் கெடுத்த துணி, கெடுவதற்கு முன்னால் இருந்ததைவிட நன்றாக உழைத்தது. மலையடிவாரத்தில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்தோம். சூட்டுக்குக் கோட்டைத் திறந்துவிட்டேன். ஒரு பொறி தெறித்து என் மார்பில் விழுந்து, கறுப்பாக ஒரு புள்ளி வைத்துவிட்டு அணைந்தது.

எங்கள் பிரிவில் யோனாஸ் என்று ஒரு நாலு வயதுப் பையன். நனைந்த பிள்ளைகள் எல்லோரும் நெருப்புக்கு நெருங்க, அவன் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு மூக்கை ஸ்வெட்டரில் அழுத்தினான்.

"உன்மேல் ஆட்டு வாசம் அடிக்கிறது" என்றான்.

தறித் தெருவும் அந்த வாசலும் கண் முன்னால் வந்து நின்றன. அவன் மேலும் சொன்னான். "எங்கள் தாத்தா வீட்டு ஆடு மாதிரியே." சொல்லிவிட்டு இன்னும் நெருங்கிச் சாய்ந்துகொண்டான்.

"ஆமாம். எங்கள் அப்பாவும் ஆடு வளர்க்கிறார்" என்றேன்.

இந்த ஒரு வரியை நான் கல்லூரியில் சொன்னதில்லை, வேலைக்கான நேர்முகத்தில் சொன்னதில்லை. சொன்னவுடன் கேள்விகள் கிளம்பின. அதற்குப் பேர் இருக்கிறதா, கொம்பு இருக்கிறதா, பனியில் அவை எங்கே தூங்கும்? அங்கே பனியே கிடையாது என்றேன். யாரும் நம்பவில்லை. ஒவ்வொருத்தராக வந்து என்னை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஹில்டே என் கையிலிருந்த காலுறைக் குழாய்களைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். சாவு, தீட்டு, தொண்ணூறு டிகிரி. அவர் ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்தார். அந்தக் காலத்தில் இங்குள்ள மீனவர்கள் கையுறைகளை வேண்டுமென்றே இப்படிச் சுருக்கி இறுக்கித்தான் கடலுக்குக் கொண்டுபோவார்களாம்.

"வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிறது. நீ ஏன் வந்தாய்? நான் விடுப்புக் கொடுத்திருப்பேனே" என்றார்.

"அவர் என்னை அவருடைய வீட்டுக்குள் விட்டதில்லை. அவருக்காக நான் என் வீட்டுக்குள் அடைந்து கிடக்க மாட்டேன்" என்றேன். என் நார்வேஜிய மொழியில் அன்றைக்கு ஒரு பிழையும் இருக்கவில்லை என்று நினைக்கிறேன். ஹில்டே என் முதுகைத் தட்டவில்லை. நெருப்பில் ஒரு விறகை எடுத்துப் போட்டார்.

மாதக் கடைசியில் நிரந்தர இடம் எனக்குக் கிடைத்தது. சூடான நாடு என்ற பேச்சை ஹில்டே அதற்குப் பிறகு எடுக்கவில்லை. இரக்கப்பட்டுக் கொடுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், வாங்கியிருக்கவும் மாட்டேன்.

7

ஊரில் இருப்பவர்களுக்குக் கம்பளி எதற்கு என்று கேட்கலாம். கொடைக்கானலுக்குப் போகிறீர்கள், பத்ரிநாத் போகிறீர்கள், கனடாவில் மகள் பிரசவத்துக்குப் போகிறீர்கள். போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். போட்டுக் கழற்றியதும் உதறி, காற்றுப்படும் இடத்தில் போடுங்கள், பெரும்பாலும் அது போதும். சேறு பட்டால் காயவிட்டு பிரஷ்ஷால் தட்டுங்கள், அந்த இடத்தை மட்டும் துடையுங்கள். துவைத்தே தீர வேண்டும் என்றால் குளிர்ந்த தண்ணீர், கம்பளிக்கென்று விற்கிற சோப்பு, மெதுவாக அமுக்கி எடுப்பது, அவ்வளவுதான். கல்லில் அடிக்கக் கூடாது, கசக்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. துணியை மிருதுவாக்கும் திரவம் எதுவும் வேண்டாம். ஒரு துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்துவிட்டுத் தட்டையாக விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் இழுத்துக்கொண்டு முழங்கால் வரை வரும். பூச்சி அரிக்கும் என்று பயமிருந்தால் பையில் கட்டி ஃப்ரீஸரில் சில நாள் வையுங்கள். வீட்டில் எழவு விழுந்தால் அதை யாரும் தொடாமல் இருக்கப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியத்தானிடம் வருவதாகச் சொல்லிவிட்டோம். நாயகம் போவது அவரை வளர்த்தவருக்காக. நான் போவது அந்த வாசலுக்காக. மன்னிப்புக் கேட்கவோ கொடுக்கவோ போகவில்லை. உள்ளே போய், எல்லோரும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு வரப்போகிறேன்.

நேற்று பெட்டி கட்டும்போது சாம்பல் ஸ்வெட்டரை மேலாக வைத்தேன். நாயகம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அங்கன எதுக்குட்டி ஸ்வெட்டரு? வேர்த்துக் கொட்டுமே."

"விடியக்காலம் பஸ்ஸவிட்டு எறங்குவோம்லா. தோளுல கெடக்கட்டும்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார். "அப்பம் ஒரு தடவ தொவைச்சு எடுத்துக்கிடுவமா? நான் குளுந்த தண்ணியிலயே தொவைச்சுத் தாரேன். இப்பம்தான் தெரியும்லா எனக்கு."

வேண்டாம் என்றேன். அவர் ஸ்வெட்டரை எடுத்து முகத்தருகே வைத்து ஒருமுறை முகர்ந்தார், மடித்து வைத்த இடத்திலேயே வைத்தார்.

கம்பளிக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்து கிடக்கும்போது வாடையைக் காட்டிக்கொள்ளாது. நனைந்தால்தான் ஆடு வெளியே வரும். கார்த்திகையில் சங்கரன்கோவிலில் மழை உண்டு. பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்த வீட்டுக்கு நடந்தே போய்விடலாம் என்று நாயகத்திடம் சொல்லியிருக்கிறேன்.

பெட்டியில் குடை வைக்கவில்லை.